வெடிப்பு ஒரு சாண்

உங்கள் வீட்டில் விரிசலே இல்லாத சுவர் ஒன்று இருந்தால் சொல்லி அனுப்புங்கள். ஆட்டோ பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். எங்கள் குடியிருப்பில் அப்படி ஒன்று கிடையாது. பதினாறு ஃபிளாட், இருபத்திரண்டு வயசுக் கட்டடம். மூன்று வருஷமாக நான்தான் அசோசியேஷன் பொருளாளர். 'சார் பி.காம். படிச்சவர், கணக்கு சுத்தமா இருக்கும்' என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. முதல் மாடி சன்ஷேடு ஒன்றில் விரிசல் விட்டது. கொத்தனார் வந்தார், கொத்தினார், சிமென்ட் பூசினார், பெயின்ட் அடித்தார். 1,800 ரூபாய். ஆறு மாசத்தில் அதே இடத்தில் மறுபடி விரிசல். இந்த முறை 2,200. செயலாளர் மெல்ல ஆரம்பித்தார். "ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூட்டிட்டு வந்து பில்டிங் முழுக்கக் காட்டிடலாமா சார்? 35,000 கேக்கறார்." பட்ஜெட் தாளில் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் அடித்தது நான்தான். விரிசல் ஓர் இடத்தில், அதற்கு 2,200 ரூபாயில் வைத்தியம் இருக்கிறது. முழுக் கட்டடத்துக்கும் எதற்கு ஸ்கேன்? மீட்டிங்கில் இப்படிக் கேட்டு இரண்டு பேரிடம் கைதட்டல்கூட வாங்கினேன்.

ஒரு நாள் விடிகாலை மூன்று மணிக்கு அந்த சன்ஷேடு கீழே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கொத்தனார் இரண்டு முறை பூசிய இடம் கெட்டியாக, அழகாக அப்படியே இருந்தது. அதற்கு ஒன்றரை அடி தள்ளி முறிந்திருந்தது. கீழே வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி நாலு துண்டு. அவர் சம்ப்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் பின்பக்கம் போயிருந்தார். "ரெண்டு நிமிஷம்தான் சார் எந்திரிச்சுப் போனேன்" என்று என்னிடம் சொன்னார். இடத்தை விட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிற தொனி. அந்தத் தொனி என்னைத் தூங்கவிடவில்லை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாள் கழித்து மணப்பாட்டில் ஒருவர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். அவருக்கு அது பாடம் என்று தெரியாது.

குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள் இல்லையா, அதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். வேலை முடிந்து ஒரு பகல் மீதி இருந்தது. திருச்செந்தூரிலிருந்து உவரி போகிற கடற்கரைச் சாலையில், குலசைக்குத் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மணல் குன்று. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். அடிவாரத்தில் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் கருமேனி ஆற்றின் கழிமுகம். அங்கே மணல் திட்டில் வரிசையாகப் படகுகள். சாயங்கால வெயிலில் பார்த்தால், ஊருக்குத் திரும்ப மனசு வராது.

அந்த ஆலயத்தின் கதையே ஒரு முறிவில்தான் ஆரம்பிக்கிறது. ஊரில் சொல்லும் வரலாறு இது: 1540 வாக்கில் ஒரு போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் புயலில் மாட்டியது. பாய் கிழிந்தது, பாய்மரம் முறிந்தது. உயிரோடு கரை சேர்ந்தால், முறிந்த இதே மரத்தில் சிலுவை செய்து நடுகிறேன் என்று கேப்டன் நேர்ந்துகொண்டார். கப்பல் குலசேகரப்பட்டினம் பக்கம் கரை ஒதுங்க, சிலுவை மணப்பாட்டுக் குன்றின் மேல் ஏறியது. 1542-இல் சவேரியார் வந்தபோது அதைப் பார்த்தார். 1581-இல் அங்கே ஆலயம் எழுந்தது. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு ஊரே நிரம்பி வழியும்.

உடைந்ததைக் கும்பிடும் ஊரில், உடைந்ததை ஒட்டுகிறவரும் இருக்க வேண்டும்தானே? குன்றிலிருந்து இறங்கிக் கழிமுகம் பக்கம் நடந்தேன். ஒரு ஃபைபர் படகைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, கிரைண்டரால் ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். மூக்கில் துண்டு கட்டியிருந்தார். படகின் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அவர் தேய்த்துக்கொண்டிருந்ததோ இரண்டு முழ அகலம்.

கேட்காமல் இருக்க முடியுமா? "என்ன அண்ணாச்சி, வெடிப்பு ஒரு சாண்தான இருக்கு? இவ்வளவு தூரம் ஏன் தேய்க்கிறீங்க?"

மிஷினை நிறுத்தினார். "கண்ணுக்குத் தெரியது ஒரு சாண். அது செத்துப்போன இடம். சுத்தி இருக்கது இன்னும் சாவல, ஆனா அடிபட்டிருக்கு. செத்த இடத்துல மட்டும் ஒட்டுனா, அடிபட்ட இடம் அடுத்த காத்துல போயிரும்லா."

"அடிபட்டது எதுவரைக்கும்னு எப்படித் தெரியும்?"

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வெடிப்பிலிருந்து ரொம்பத் தள்ளித் தட்டினார். டங். கொஞ்சம் பக்கத்தில் வந்து தட்டினார். டங். இன்னும் பக்கத்தில். டொப். "கேக்குதா? இங்கேருந்து ஆரம்பிக்கு" என்றார். பிறகு வெடிப்பின் இரண்டு முனைகளையும் காட்டினார். இரண்டிலும் டிரில் போட்டுச் சின்னதாக ஒரு வட்ட ஓட்டை. ஓட்டையை அடைக்கிறவர் ஓட்டை போடுகிறாரே என்று விழித்தேன். "கூரா இருந்தாத்தான் வெடிப்பு ஓடும். முனைய உருண்டையா ஆக்கிப்புட்டா, எங்க போகன்னு தெரியாம நின்னுக்கிடும்."

படகு அவர் தங்கச்சி மகனுடையது. "நாளைக்கழிச்சு கடலுக்குப் போவணும். 'வெடிச்ச இடத்துக்கு மட்டும் போட்டா பாதி ரெசின் போதுமே மாமா'ன்னு கணக்கு சொல்லுதான்."

"மருமகன் என்ன படிச்சிருக்காரு?"

"பி.காம்."

நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சென்னைக்கு வந்ததும் இந்த விஷயத்தைத் துருவ ஆரம்பித்தேன். பத்தாவதோடு பௌதிகத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் சன்ஷேடு விழுந்தவனுக்கு ஒரு வேகம் வரும் பாருங்கள். படித்ததில் தெரிந்துகொண்டது: மணப்பாட்டு அண்ணாச்சி சுத்தியலால் சொன்னதைக் கணக்கில் எழுத, விஞ்ஞானிகளுக்கு நூறு வருஷம் பிடித்திருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நான்-லோக்கல்' கொள்கை. தமிழில் படித்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும், ஜாக்கிரதை.

அந்த வட்ட ஓட்டை விவகாரம் முதலில். ஒரு தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டு இழுத்தால், ஓட்டையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகும். ஓட்டை நீள்வட்டமாகி, முனை கூராகக் கூர்மையாக, பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும். இதை 1913-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலிஸ் என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர். முனையை உருட்டிவிட்டால் ஏன் வெடிப்பு நிற்கிறது என்பது இதில் அடக்கம். ஆனால் இதிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. நிஜமான வெடிப்பின் முனை கத்தி மாதிரி. அங்கே இழுவிசை முடிவிலி என்கிறது கணக்கு. முடிவிலி விசை வந்தால் கண்ணாடி டம்ளரில் ஒரு கீறல் விழுந்த நொடியில் அது தூள் தூளாக வேண்டும். உங்கள் வீட்டில் கீறல் விழுந்த டம்ளர் எத்தனை வருஷமாக இருக்கிறது?

இதற்குப் பதில் சொன்ன கிரிஃபித், என்னைக் கேட்டால், மனசுக்குள் ஒரு காமர்ஸ் மாணவர். 1921-இல் அவர் சொன்னது சுத்தமான வரவு செலவு. வெடிப்பு ஒரு அங்குலம் நீண்டால், இழுபட்டிருந்த பொருள் தளர்ந்து கொஞ்சம் ஆற்றல் வரவு. புதிதாக இரண்டு பரப்புகளை உண்டாக்க ஆற்றல் செலவு. வரவு செலவைத் தாண்டினால் வெடிப்பு ஓடும். தாண்டாவிட்டால் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். கண்ணாடி, கணக்குப்படி தாங்க வேண்டியதில் சின்னப் பங்கைத்தான் ஏன் தாங்குகிறது என்பதும் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் காரணம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பாலமோ அணையோ, அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போட்டு, எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்லும் முயற்சி. கட்டத்தைப் பொடிசாக்கப் பொடிசாக்க விடை துல்லியமாக வேண்டும், இல்லையா? கான்கிரீட் உடைவதைக் கணக்குப் போட்டபோது நேர்மாறாக நடந்தது. சேதம் எல்லாம் ஒரே ஒரு வரிசைக் கட்டத்தில் போய் ஒளிந்துகொண்டது. கட்டத்தைப் பாதியாக்கினால், உடைக்கத் தேவையான ஆற்றலும் பாதியானது. இன்னும் பொடிசாக்கினால் இன்னும் குறைவு. கடைசியில், செலவே இல்லாமல் அணை உடையும் என்றது கம்ப்யூட்டர்.

எங்கள் பாஷையில் சொல்கிறேன். நாலு பத்தி போட்ட பேரேட்டில் எழுதினால் கம்பெனிக்கு லட்ச ரூபாய் நஷ்டம். எட்டுப் பத்தி போட்டால் ஐம்பதாயிரம். பதினாறு போட்டால் இருபத்தைந்தாயிரம். கோடு போடுகிறவன் கையில் நஷ்டம் என்றால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

கோளாறு எங்கே என்றால், பழைய கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் தன்னை ஒட்டி இருப்பதை மட்டும்தான் விசாரிக்கும். நாலு வீடு தள்ளி என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. சென்னை ஃபிளாட் மாதிரி. துருக்கியில் பிறந்து அமெரிக்கா போன எரிங்கன் போன்றவர்கள் 1970-களிலேயே, ஒரு புள்ளியின் நிலையைச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று எழுதினார்கள். அப்படிக் கணக்குப் போட்டால் வெடிப்பின் முனையில் முடிவிலி மறைந்து, நியாயமான ஒரு எண் வருகிறது. 1987-இல் பிராகில் பிறந்த பஜான்ட், பிரான்ஸைச் சேர்ந்த பிஜோடியே-கபோ இருவரும் இதைக் கான்கிரீட் சேதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு புள்ளி சேதமானதா என்பதை அந்தப் புள்ளியை மட்டும் கேட்டு முடிவு செய்யாதே, சுற்றி இருக்கும் புள்ளிகளின் சராசரியைப் பார் என்றார்கள். பேரேட்டில் எத்தனை கோடு போட்டாலும் நஷ்டம் இப்போது ஒரே தொகையில் நின்றது.

சுற்றி என்றால் எவ்வளவு தூரம்? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் சோதித்த கான்கிரீட்டில், கலவையில் இருக்கும் பெரிய ஜல்லியின் அளவைப் போல 2.7 மடங்கு. நாம் வீடு கட்டப் போடும் 20 எம்.எம். ஜல்லிக்கு இதைப் பெருக்கினால் 54 எம்.எம்., இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கான்கிரீட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கைப்பிடி அளவுக்குச் சொந்தபந்தம் உண்டு என்பது எனக்குப் பிடித்திருந்தது.

2000-இல் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் சில்லிங் ஒரு படி மேலே போனார். பழைய சமன்பாடுகள் எல்லாம், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் தொடர்ச்சியாக நகரும் என்று நம்பி எழுதப்பட்டவை. வெடிப்பு என்றாலே தொடர்ச்சி அறுந்தது என்று அர்த்தம். அறுந்த இடத்தில் அந்தச் சமன்பாடு வாய் திறக்காது. சில்லிங் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி இருக்கும் எல்லாப் புள்ளிகளோடும் கண்ணுக்குத் தெரியாத நூலால் கட்டினார். நூல் ஒரு அளவுக்கு மேல் இழுபட்டால் அறும். அறுந்த நூல் திரும்ப ஒட்டாது. எங்கே வெடிக்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும், எங்கே இரண்டாகக் கிளைக்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டாம். நூல்கள் அறுந்து அறுந்து வெடிப்பு தானாகவே வழி கண்டுபிடிக்கும். இதற்குப் பெயர் பெரிடைனமிக்ஸ். 'பெரிய' டைனமிக்ஸ் இல்லை. கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றுப்புறம். ஒரு புள்ளியின் சொந்தபந்தம் எட்டுகிற தூரத்துக்கு இவர்கள் வைத்த பெயர்தான் அழகு: அடிவானம். மணப்பாட்டுக் குன்றில் நின்று பார்த்தவனுக்கு அந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க இந்த மாதிரி மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கணக்கு சரியா என்று உரசிப் பார்க்கும் கற்களில் ஒன்று நம்மிடம்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை. 103 மீட்டர் உயரம். 1967 டிசம்பர் 11, விடிகாலை நாலரை மணிக்குள் பூமி குலுங்கியது. 170 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அணை நின்றது, ஆனால் வெடித்தது. அடியில் அகலமாக எழும்பி வந்து, மேலே சட்டென்று ஒடுங்குகிற கழுத்துப் பகுதி, கிட்டத்தட்ட 66 மீட்டர் உயரத்தில், முன்னும் பின்னும் படுக்கை வாட்டில் விரிசல். அடிவாரத்தில் இருந்த கருவி நில அதிர்வை ஒழுங்காகப் பதிவு செய்திருந்தது. இப்படி அதிர்ந்தது, இந்த இடத்தில் வெடித்தது என்று கேள்வியும் விடையும் சேர்ந்து கிடைப்பது ரொம்ப அபூர்வம். அதனால் புதுசாக ஒரு சேதக் கணக்கு எழுதினால், கொய்னாவைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதே அதிர்வைக் கொடுத்து, கழுத்தில் வெடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த அணை கம்ப்யூட்டர்களுக்குள் திரும்பத் திரும்ப வெடித்துக்கொண்டிருக்கிறது. நிஜ அணை, முதுகில் முட்டுச் சுவர் வைத்துப் பலப்படுத்தப்பட்டு, இன்றும் தண்ணீர் தேக்கி மின்சாரம் கொடுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. எல்லோரும் எல்லோரோடும் பேசுவதால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். இன்னொரு குறை, ஓரத்தில் இருக்கும் புள்ளிகள். நடுவில் இருப்பதற்கு நாலு பக்கமும் சொந்தம். ஓரத்தில் இருப்பதற்குப் பாதிப் பக்கம் வெறும் காற்று. அதனால் கணக்கில் ஓரங்கள் நிஜத்தைவிடத் தொளதொளவென்று வந்துவிடும், தனியாகத் திருத்தம் போட வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கடல் இருப்பவனுக்குத் திருத்தம் போடும் பழக்கம் நம் ஊரில் கொஞ்சம் கம்மி.

மணப்பாட்டில் ஒரு கடையில் சிப்பி ஒன்று வாங்கினேன். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். முத்துக்கு இருக்கும் மவுசு சிப்பிக்கு இல்லை. ஆனால் முறிவைப் படிக்கிறவர்கள் சிப்பியைத்தான் மோந்து மோந்து பார்க்கிறார்கள். அதன் உள்பக்கப் பளபளப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் கால்சியம் கார்பனேட், கரும்பலகை சாக்பீஸின் உறவுக்காரன். சாக்பீஸ் கீழே விழுந்தாலே இரண்டு. சிப்பியைச் சுத்தியலால் அடித்தால் கைதான் வலிக்கும். முடியைவிட எத்தனையோ மெல்லிய தகடுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, நடுவில் புரதத்தைச் சாந்தாகப் பூசி வைத்திருக்கிறது அந்தப் பூச்சி. வெடிப்பு வந்தால் ஒரு தகடு மட்டும் அடி வாங்குவதில்லை. சுற்றி இருக்கும் நூற்றுக்கணக்கான தகடுகள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன.

அன்று மணப்பாட்டில், கிளம்புவதற்கு முன், பத்திரிகைக்காரன் என்ற மிதப்பில், இப்போதெல்லாம் எங்கே உடையும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்று அண்ணாச்சியிடம் அளந்துவிட்டிருந்தேன்.

"அப்படியா? இந்த போட்டு எத்தன வருசம் தாங்கும்னு சொல்லிருமா?"

"சொல்லும். எத்தனை அடுக்கு மேட் போட்டிருக்கு, ரெசின் எந்தப் பதத்துல கலந்தாங்க, எங்கெங்க பாறையில இடிச்சுது, இதெல்லாம் குடுக்கணும்."

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? செஞ்சவன் செத்தே பத்து வருசமாச்சு." துண்டை மறுபடி மூக்கில் கட்டினார். "பொறவு?"

"பொறவு, நீங்க தட்டிப் பார்க்கிறதுதான்."

சிரித்தார். கிரைண்டரைப் போட்டார். அன்று அவருக்குச் சும்மா சொன்ன அந்தப் பதில், படித்து முடித்த பிறகும் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் சன்ஷேடின் உள்ளே கம்பி எவ்வளவு துருப்பிடித்தது, துரு ஊதிக் கான்கிரீட்டை எதுவரைக்கும் உள்ளே பிளந்தது என்று கொடுக்காமல் எந்தப் பெரிடைனமிக்ஸும் ஒன்றும் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் 35,000 கேட்டார்கள்.

ஊரிலிருந்து வந்த வாரமே இன்ஜினீயரைக் கூப்பிட்டோம். சின்னப் பெண். எங்கள் மகள் வயசுதான் இருக்கும். ஏணி வைத்து ஏறி, கையில் சுத்தியல், ஒவ்வொரு சன்ஷேடாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டொப். டொப் என்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம். மொத்தம் முப்பத்திரண்டு சன்ஷேடு. ஒன்பதில் வட்டம். அதில் வெளியே விரிசல் தெரிந்தது மூன்றில் மட்டும். ஒரு வட்டம் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே.

சாயங்காலம் செயலாளர் வவுச்சரோடு வந்தார். "எந்தத் தலைப்புல எழுதறது சார்? ரிப்பேரா, மெயின்டனன்ஸா?" ரிப்பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே இன்னொரு வரி, நாற்காலி ஒன்று, 650 ரூபாய்.

புது நாற்காலியை வாட்ச்மேன் பழைய இடத்தில் போடவில்லை. கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறார். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நனைஞ்சுக்கறேன் சார்" என்றார்.